ஈரக்கால் ஓட்டம்

வெள்ளியங்கிரியில் ஏழு மலை ஏறிவந்த சிநேகிதர் அந்தக் கதையை ஒரு வாரம் சொன்னார். நான் எங்கள் ஊர் 12 கோயில் கதையை எடுத்தேன். "சமதரையில் ஓடுவதெல்லாம் ஒரு கஷ்டமா?" என்றார். கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் சமதரையை அவர்தான் காட்டித் தரவேண்டும். ரப்பர் தோட்டத்து மேட்டிலிருந்து இறங்கி மூச்சு விடுவதற்குள் அடுத்த மேடு வந்து நிற்கும்.

மகா சிவராத்திரிக்கு முந்தின நாள் சாயங்காலம் முன்சிறை திருமலையில் தொடங்குவது சிவாலய ஓட்டம். திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு போய்த் திருநட்டாலத்தில் முடியும். சுமார் 110 கிலோமீட்டர். காவி வேட்டி, கையில் பனையோலை விசிறி, இடுப்பில் திருநீற்றுப் பை, வாயில் 'கோவிந்தா கோபாலா'. சிவன் கோயிலுக்குப் போகிறவன் பெருமாளை ஏன் கூப்பிடுகிறான் என்றால், சிவபக்தனான புருஷாமிருகம் துரத்த, பீமன் கோவிந்தனைக் கூவிக்கொண்டு ஓடிய கதையைச் சொல்வார்கள். அவன் போட்ட ருத்திராட்சங்கள் லிங்கங்களாயின. மிருகம் நின்று பூஜை செய்த நேரம்தான் அவனுக்குக் கிடைத்த இடைவெளி. துரத்தப்பட்டவன் நடந்தா போவான்? அதனால்தான் ஓட்டம்.

ஒவ்வொரு கோயிலிலும் குளத்திலோ ஆற்றிலோ முங்கி, ஈர வேட்டியோடு கும்பிட்டுக் கிளம்பவேண்டும். குளிரைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். அது ஒன்றுமில்லை, உள்ளங்கால்தான் விஷயம். தண்ணீரில் ஊறிய தோல் வெளுத்துச் சுருங்கி இளகிவிடும். அந்தக் காலோடு செருப்பில்லாமல் தார்ரோட்டில் ஓடினால் விரலடியில் கொப்புளம் எழும்பும். அடுத்த குளத்தில் உடையும். முதல் வருஷம் எனக்குப் பன்னிப்பாகத்தில் உடைந்தது. வேளிமலை அடிவாரத்தில், மேலாங்கோட்டில் உட்கார்ந்தவன் எழும்பவில்லை. பஸ் ஏறினேன். கண்டக்டர் ஈர வேட்டியைப் பார்த்தார், டிக்கெட்டைக் கிழித்துத் தந்தார், ஒன்றும் கேட்கவில்லை.

மறு வருஷம், குலசேகரம் பக்கம் ஒரு வீட்டு வாசலில் நடுராத்திரி சுக்குக்காப்பி ஊற்றிக்கொண்டிருந்த பாட்டி என் காலைப் பார்த்தாள். "ஏத்தத்துல நடந்து போ மக்கா, எறக்கத்துல ஓடு. கொப்புளத்தக் குத்தாத." அவள் சொன்னபடி போனேன். திருநட்டாலம் வந்து சேர்ந்தேன்.

இப்போது பைக்கிலும் வேனிலும் வருகிறவர்கள் ஏராளம். வரட்டும், எனக்குச் சண்டையில்லை. ஒன்றே ஒன்று: எங்களுக்குப் பின்னால் வரும்போது லைட்டைக் கொஞ்சம் தாழ்த்துங்கள். எங்கள் நிழலே முன்னால் விழுந்து ரோட்டில் கிடக்கிற கல்லை மறைத்துவிடுகிறது.