சதுர அடிக்குப் பதினாறு நாள்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

உணவு, உடை, உறையுள் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். அரிசி நியாய விலைக் கடையில் கிடைக்கிறது. துணி ஆடித் தள்ளுபடியில் கிடைக்கிறது. மூன்றாவதற்கு மட்டும் நியாய விலைக் கடையும் இல்லை, ஆடி மாதமும் இல்லை!

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தந்தையார் போளூர்ப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்த கொத்தனார். வில்லிவாக்கத்தில் ஒரு போர்ஷனில் இருக்கிறோம். போர்ஷன் என்றால் ஓர் அறை, அதன் மூலையில் ஓர் அடுப்பு மேடை. ஐந்து குடித்தனத்துக்குக் கழிப்பறை ஒன்று. காலையில் எனக்கும் எதிர் போர்ஷன் அக்காவுக்கும் நடக்கும் ஓட்டப் பந்தயத்தை நம் விளையாட்டு விழாவில் சேர்த்தால் கோப்பை எங்களுக்கே.

வாடகை 6,500 ரூபாய்; கரண்டுக்குத் தனி. சென்ற தை மாதம் வீட்டுக்கார அம்மாள் வந்து, சித்திரையிலிருந்து 9,000 என்றும், முடியாதென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிப் போனார். அவரைக் கொடுமைக்காரர் என்று எழுதினால் கட்டுரைக்குச் சுவை கூடும். ஆனால் அது உண்மையன்று. கணவரை இழந்த அவருக்கு இந்த ஐந்து வாடகைதான் பிழைப்பு.

எங்கள் சந்திலிருந்து இருபது நிமிடம் நடந்தால் அண்ணா நகர். தாயார் அங்கே மூன்று வீடுகளில் வேலை செய்கிறார். தந்தையாரும் அங்கே பல வீடுகளுக்குப் பூச்சு வேலை பார்த்திருக்கிறார். இத்தகைய வசதியான பகுதிகளின் மேல் மக்களுக்கு ஏன் இத்தனை மோகம் என்று நம் வகுப்பில் ஒருமுறை விவாதம் வந்தது. "எல்லாம் பகட்டு!" என்று நண்பர்கள் முடித்துவிட்டார்கள். தாயாரிடம் கேட்டேன்.

"அங்க தெருவுல நடந்து போனா யார் வீட்டையும் எட்டிப் பாக்க வேண்டியதில்ல, பாப்பா. நம்ம சந்துல கண்ண எங்க வெச்சிக்கிட்டு நடக்கறது சொல்லு?"

பகட்டு என்ற சொல்லில் இது அடங்குமா? அகலமான தெரு, மரநிழல், பூட்டிக்கொள்ள ஒரு கதவு, இரவு பதினோரு மணிக்குப் படிக்க விளக்குப் போட்டால் மற்றவர் தூக்கம் கெடாத ஓர் அறை... என் ஆசையும் இவ்வளவுதான்.

அந்த அகலமான தெரு தானாக அமைந்ததன்று என்பதையும் சொல்ல வேண்டும். நடுவங்கரை முதலிய கிராமங்களின் நிலத்தில், 1961இல் தோன்றிய தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் வகுத்த நகர் அது. 1968இல் அங்கே உலக வர்த்தகக் கண்காட்சி நடந்தது. 135 அடிக் கோபுரம் அப்போது எழுந்ததே. பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த அதனை 2023இல் மீண்டும் திறந்தார்கள். தம்பியுடன் போய் ஏறினேன். ஒரு பக்கம் கோடு போட்டாற்போல் தெருக்கள். வடக்கே எங்கள் பக்கம் தகரமும் தண்ணீர்த் தொட்டியுமாக நெருக்கம். வாரியம் அந்நகரில் குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கும் வீடுகள் கட்டியது. சாலை, பூங்கா, 2017இல் வந்த மெட்ரோ ரயில் எல்லாமே பொதுப்பணம். அதனால் ஏறிய விலை மட்டும் மனைக்காரருடையது. இது என்ன கணக்கு?

கணக்கு என்றதும் நினைவு வருகிறது. தந்தையார் சென்ற ஆண்டு வேலை பார்த்த மனைக்கு அங்கு வந்த தரகர் சதுர அடி 18,000 ரூபாய் என்றாராம். தந்தையாரின் கூலி 1,100, அதுவும் வேலை உள்ள நாளில். ஒரு சதுர அடிக்குப் பதினாறு நாள் உழைப்பு. கரணையும் ரசமட்டமும் வைக்கும் இடத்துக்கே இரண்டு மாதம் ஆகிவிடும். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. விலை 4 கோடியே 32 லட்சம். ஆண்டுக்கு 300 நாள் வேலை கிடைத்து, ஒரு வேளையும் உண்ணாமல் சேர்த்தால் 130 ஆண்டுகள். இதை வீட்டில் சொன்னபோது தந்தையார் சிரித்தார்.

"மனைக்கு மட்டுந்தானே? கட்டுற கூலி நமக்கு மிச்சம், கண்ணு."

கடன் வாங்கலாமே என்பீர்கள். 30 லட்சம் கடனை 9 சதவீத வட்டியில் 20 ஆண்டு கட்டினால் மாதத் தவணை ஏறக்குறைய 27,000. மொத்தம் 64 லட்சத்துக்கு மேல். அதற்கும் முன்னால் வங்கி சம்பளச் சீட்டுக் கேட்கும். கொத்தனாருக்குச் சம்பளச் சீட்டு யார் தருவார்?

ஆகவே வாடகைக்கே வேறு ஊர் தேடினோம். ஆவடியைத் தாண்டித் திருநின்றவூரில் 5,500க்குத் தனி வீடு இருந்தது. முன்பணம் பத்து மாத வாடகை. மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்பதே 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின் பொது விதி. தரகரிடம் அதைச் சொன்னேன். "படிச்ச பொண்ணு" என்று பாராட்டிவிட்டு அடுத்த ஆளிடம் பேசப் போய்விட்டார்.

முன்பணத்தைவிடப் பெரிய தடை தாயாரின் வேலை. காலை ஆறு மணிக்கு முதல் வீட்டில் பாத்திரம் துலக்க வேண்டும். திருநின்றவூரிலிருந்து ரயிலேறி வந்தால் எத்தனை மணிக்கு எழுவது? வேலையை விட்டால் மாதம் 9,000 போகும். வாடகையில் மிச்சமாவது 3,500. கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் அரசு அடுக்கடுக்காக வீடு கட்டி ஏழைகளைக் குடியேற்றியது. பலருக்கு வீடு அங்கே, பிழைப்பு நகருக்குள்ளே என்று ஆனது. வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலுள்ள தூரமும் ஒரு வாடகைதான். அதை உடம்பால் கட்ட வேண்டும்.

பங்குனியில் தந்தையார் வீட்டுக்கார அம்மாளிடம் பேசினார். மொட்டை மாடி ஒழுகிக்கொண்டிருந்தது. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் கூலி வாங்காமல் தட்டோடு பதித்துக் கொடுத்தார். நானும் தம்பியும் சித்தாள். வாடகை 7,800 என்று முடிந்தது, ஓராண்டுக்கு மட்டும்.

அடுத்த சித்திரையில் எனக்கு மூன்றாம் ஆண்டுத் தேர்வு. தந்தையார் இப்போதும் ஞாயிறுதோறும் ரயிலேறிப் போய் வீடு பார்த்து வருகிறார். போன வாரம் பார்த்த வீட்டில் கழிப்பறை தனியாம். கதவுக்குத் தாழ்ப்பாள் மட்டும் போட வேண்டுமாம்.