உத்திரத்தில் ஒரு பல்லாங்குழி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு நடை நடந்து பாருங்கள். தாத்தா காலத்து வீடு துண்டு துண்டாக விலைக்குக் கிடைக்கும். இந்தக் கடையில் நிலைக்கதவு, அடுத்த கடையில் தூண், எதிர்க்கடையில் ரவிவர்மா லட்சுமி. பி.காம். படித்த புத்தி... மனசுக்குள் பாலன்ஸ் ஷீட் விரிந்தது.

நான் தேடிப் போனது சாவிக்கொத்து மாட்ட ஒரு பலகை. (வீட்டில் உத்தரவு!) கிடைத்தது ஒரு ரிடயர்டு பாங்க் மானேஜர். ஒரு உத்திரத் துண்டைத் தட்டிப் பார்த்து, மோந்து பார்த்து, மாம்பழம் வாங்குகிறவர் மாதிரி பேரம் பேசிக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன். "வாங்க தம்பி, வேலையைப் பாருங்க" என்று வீட்டுக்கே கூட்டிப் போய்விட்டார்.

திண்ணைதான் பட்டறை. மரம், பர்மா தேக்கு. அங்கே லேவாதேவி செய்த நகரத்தார் கப்பலில் கொண்டுவந்தது. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்தான், வரும்படி போச்சு. வீடுகள் மட்டும் நின்றன, பங்காளிகள் பெருகப் பெருக. 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் ஏறின. கடப்பாரை அதையெல்லாம் படிப்பதில்லை.

"முதல்ல காந்தம்" என்றார். பழைய மரத்துக்குள் ஆணி ஒளிந்திருக்கும். பட்டால் இழைப்புளி வாய் போய்விடும். ஆணியைப் பிடுங்கிவிட்டு இழைக்கிறார். நாலு இழுப்பில் கறுப்பு போய்ப் பொன் நிறம். கூடவே தேக்கெண்ணெய் வாசனை, இத்தனை வருஷம் கழித்தும்! பிறகு பென்சில் வட்டம், வாய் வளைந்த உளி. பக்கத்துக்கு ஏழாக 14 குழி. இரண்டு முனையிலும் மீன். மீனுக்குக் கொஞ்சம் முதலைச் சாயல். நான் சொல்லவில்லை, ஆச்சி சொன்னார்கள். கடைசியில் புளியங்கொட்டையைப் போட்டு விரலால் வழித்துப் பார்க்கிறார். சிக்காமல் வரணும். சிக்கினால் மறுபடி உளி.

"எல்லாமே பல்லாங்குழிதானா ஸார்?"

உளி நின்றது. "எங்க வீட்டு ரெண்டாங்கட்டுல பொம்பளைங்க இதை ஆடாத மத்தியானம் கிடையாது தம்பி. அந்த வீட்டை இடிக்கப் பதினெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டோம். நானும்தான். கூரை ஒழுகுது, ரிப்பேருக்கு யாரு கொடுக்கிறது? இடிக்கிறதுதான் லாபம்னு கணக்குப் போட்டுச் சொன்னதே நான்தான்."

கணக்கு சரிதான். நானும் அப்படித்தான் போட்டிருப்பேன். அதுதான் உறுத்தியது.

இடித்த மரம் கடைத்தெருவுக்கு வந்ததும், சொந்த வீட்டு உத்திரத்தையே பென்ஷன் பணத்தில் விலைக்கு வாங்கி, கையெழுத்துப் போட்டவர்களுக்கு ஆளுக்கொரு பலகை.

"பதினொண்ணு போயாச்சு. ரெண்டு பேரு கண்ணாடி அலமாரியில வச்சுட்டாங்களாம். பெரியாத்தா மட்டும் ராத்திரி போன் பண்ணி, 'ஒங்க ஆத்தாவை நான் ஜெயிச்சது ஞாபகமிருக்கா'ன்னு அழுதுச்சு."

கிளம்பும்போது மெதுவாகக் கேட்டேன். "எனக்கு ஒண்ணு விலைக்குக் கிடைக்குமா ஸார்?"

"விக்கிறதில்லை தம்பி. நீங்க கையெழுத்துப் போடலையே."

சாவிப் பலகை இல்லாமல் ஊர் திரும்பினேன். வீட்டில் நடந்த விசாரணை தனிக் கட்டுரை!