நாலரை அடி உயரத்தில் ஓர் ஆல்ட்டோ!

"இந்த காரை வித்தாக்கூட அவ்வளவு காசு வராதேப்பா… அதைத் தூக்கி வைக்கிற மிஷினுக்கா அதைவிட அதிகமா செலவு பண்ணுவாங்க?"

கொரட்டூரில் அரை கிரவுண்டில் கட்டிய அந்த வீட்டில், 2024-ம் வருடத் தொடக்கம் முழுக்க இந்த ஒரே கேள்விதான். கேட்டது மகன். பதில் சொல்லாமல் டேப் எடுத்து போர்ட்டிகோவை அளந்துகொண்டிருந்தது அப்பா. அம்பத்தூர் எஸ்டேட்டில் 34 வருடம் ஃபிட்டராக வேலை பார்த்தவர். கையில் டேப் இருந்தால் அவருக்குக் காது கேட்காது என்பது அவர் மனைவியின் பல வருடப் புகார்.

கோபம் கார் மேல் இல்லை, தண்ணீர் மேல். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்கு வரும். நடுவில் இருக்கும் தாழ்வான தெருக்களுக்கு அது வழி கேட்டுக்கொண்டு வருவதில்லை. 2015 டிசம்பரில் இவர்கள் தெருவில் நின்ற தண்ணீரில் ஆல்ட்டோ சீட் வரை மூழ்கியது. ரிட்டயர்மென்ட் பணத்தில் வாங்கிய வண்டி. தண்ணீர் வடிந்ததும் மகன் ஆசையாகச் சாவியைத் திருகிப் பார்த்தான். அந்த ஒரு திருகல்தான் தப்பு. சிலிண்டருக்குள் போன தண்ணீரை பிஸ்டனால் காற்றைப் போல அழுத்த முடியாது. கனெக்டிங் ராட் வளைந்தது. நனைந்த வண்டியை ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்று இன்ஷூரன்ஸிலும் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. இன்ஜினுக்குத் தனியாகப் பாதுகாப்பு எடுத்திருக்க வேண்டுமாம். அப்படி ஒன்று இருப்பதே அன்றுதான் அவர்களுக்குத் தெரியும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம். ஆவடியில் ஒரே நாளில் 28 சென்டிமீட்டர் மழை. அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள்ளேயே மிஷின்கள் தண்ணீரில் நின்றன. இந்த முறை யாரையும் சாவியைத் தொட விடவில்லை அவர். டோ பண்ணிக் கொண்டுபோய், ஆயில் எல்லாம் மாற்றி, சீட்டைக் கழற்றிக் காயவைத்து வண்டியைக் காப்பாற்றிவிட்டார். ஆனால், மூன்றாவது தடவை கூடாது என்று முடிவெடுத்துவிட்டார்.

வொர்க் ஷாப்பில் பார்க்கிற நான்கு கால் லிஃப்ட்தான் அவர் மனதில் இருந்தது. இரண்டு கால் லிஃப்ட் வண்டியை அடியில் கை கொடுத்துத் தூக்கும். பாரமெல்லாம் தரையில் அடித்த போல்ட்டை இழுக்கும். நான்கு கால் என்பது கட்டில் மாதிரி. வண்டி தன் சக்கரத்திலேயே நிற்க, கட்டிலே மேலே போகும். ஒரே ஒரு ஹைட்ராலிக் சிலிண்டர், அது இழுக்கும் நான்கு வயர் ரோப், மூலைக்கு மூலை கப்பி. கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்குப் புரியாத ரகசியம் ஒன்றுமில்லை. மேலே போகும்போது ஒவ்வொரு காலுக்குள்ளும் 'டக்… டக்…' என்று லாக் விழும். நிறுத்திய பிறகு கொஞ்சம் இறக்கி அந்த லாக்கில் உட்கார வைத்துவிட வேண்டும். அதன் பிறகு பாரம் ரோப்பில் இல்லை, இரும்பில். பேத்தி அந்தப் பக்கம் விளையாடுவாளே என்று பயந்த மருமகளுக்கு இதை அவர் ஏழெட்டு முறை விளக்கினார். "ரோப்பே அறுந்தாலும் வண்டி விழாதும்மா." அறுந்தாலும் என்ற வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கூரை 10 அடி. ஆல்ட்டோவின் உயரம் கிட்டத்தட்ட 4 அடி 10 அங்குலம். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கார் நிறுத்தும் கனவெல்லாம் இந்த போர்ட்டிகோவில் நடக்காது. நாலரை அடி தூக்கலாம். அது போதும். தண்ணீர் இதுவரை இரண்டரை அடி தாண்டியதில்லை.

சிக்கல் மேலே இல்லை, கீழே இருந்தது. லிஃப்ட் நிற்க நாலு அங்குலமாவது நல்ல கான்கிரீட் வேண்டும். ஓரத்தில் கொத்திப் பார்த்த மேஸ்திரி சிரித்துவிட்டார். மேலே டைல்ஸ், அடியில் இரண்டு அங்குலம், அதற்கும் கீழே வீடு கட்டும்போது கொட்டிய உடைந்த செங்கலும் மண்ணும். "இதுல நிறுத்தினா கார் மேல போகாது சார், லிஃப்ட்தான் கீழ போகும்."

நாலு மூலையிலும் இரண்டரை அடிச் சதுரத்துக்குப் பள்ளம் எடுத்தார்கள். ஓர் அடி ஆழம், கம்பி கட்டி எம்20 கான்கிரீட். ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்து மேஸ்திரியைப் படாதபாடு படுத்தினார். பிறகு 28 நாள் காத்திருப்பு. காலையும் மாலையும் துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் கையோடு அந்த நாலு சதுரத்துக்கும் ஊற்றியது அவர் மனைவிதான். "வேண்டாம்னு சொன்னவளே வேலைக்காரியா ஆயிட்டேன்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டே ஊற்றினார்.

கோயம்புத்தூரிலிருந்து லாரியில் லிஃப்ட் வந்து இறங்கிய அன்று தெருவே வேடிக்கை பார்த்தது.

2024 அக்டோபர் 14. மறுநாள் கனமழை என்று அறிவிப்பு. வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை நிறுத்துவதை டி.வி-யில் காட்டினார்கள். இவர் அமைதியாகப் போய் பட்டனை அழுத்தினார். ஆல்ட்டோ ஏறும் முன்பே எதிர் வீட்டம்மா ஒரு பையோடு வந்து நின்றார். "டிக்கியில இடம் இருக்காங்க சார்? பத்திரமெல்லாம் இதுல இருக்கு." பின்னாலேயே இன்னொருவர் அரிசி மூட்டையோடு. பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்கள், ஒரு மிக்ஸி, ஒரு தையல் மெஷினின் தலை எல்லாம் ஆல்ட்டோவில் ஏறின. அவருக்கு அன்று இருந்த பெருமையை எழுத்தில் கொண்டு வர முடியாது.

மறுநாள் இரவு கரன்ட் போனது. தெருவில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். பதினோரு மணிக்கு அவர் மனைவிக்கு வீசிங் ஆரம்பித்தது. இன்ஹேலர் அடித்தும் அடங்கவில்லை. மகன் வேலை விஷயமாக பெங்களூரில். கணுக்கால் தண்ணீரில் ஆல்ட்டோ தாராளமாகப் போகும். ஆனால், அது நாலரை அடி மேலே, லாக்கில் உட்கார்ந்திருக்கிறது. லாக்கை விடுவிக்க வேண்டுமானால் முதலில் ஓர் அங்குலமாவது மேலே தூக்க வேண்டும். தூக்க மோட்டார் வேண்டும். மோட்டாருக்கு கரன்ட் வேண்டும்.

34 வருடம் மிஷினோடு வாழ்ந்த மனிதர், செத்துப்போன சுவிட்சின் மேல் கை வைத்தபடி நின்றார். அரிசி மூட்டைக்காரர்தான் ஓடிப்போய்த் தெருக்கோடி ஆட்டோக்காரரை எழுப்பினார். "ஏறுங்கக்கா, பாத்துக்கலாம்" என்று அவர் தண்ணீரில் ஓட்டியே மருத்துவமனையில் சேர்த்தார். விடியும்போது மூச்சு சீரானது. 16-ம் தேதி, ரெட் அலர்ட் சொன்ன நாளில், சென்னையில் வெயில் எட்டிப் பார்த்தது. எதிர் வீட்டம்மா பத்திரத்தைக் கேட்டு வந்தபோது ஆல்ட்டோ இன்னமும் மேலேதான் இருந்தது.

அடுத்த வாரமே கையால் அடிக்கிற ஹைட்ராலிக் பம்ப் ஒன்றை வாங்கி லிஃப்ட்டில் சேர்த்துவிட்டார். கரன்ட் இல்லாவிட்டாலும் அடித்து அடித்து லாக்கை விடுவிக்கலாம். அவர் மனைவி அதோடு விடவில்லை. "இதை அடிக்க ஒரு ஆள் வேணும்ல? அன்னிக்கு உங்களுக்கே மூச்சு வாங்கினா?" தண்ணீர் கேட்டைத் தொட்டால்தான் காரை ஏற்ற வேண்டும் என்பது அவர் கட்சி. அதற்குள் கரன்ட்டை நிறுத்திவிடுவார்கள் என்பது இவர் கட்சி. மகன் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறான்.

கேட் தூணில் இவர் பெயின்ட்டால் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறார், இந்த அளவு வந்தால் ஏற்று என்று. அதற்கு இரண்டு அங்குலம் மேலே, கோலமாவில் இன்னொரு கோடு இருக்கிறது. மழையில் அழிகிறது. மறுநாள் காலையில் திரும்ப அங்கேயே இருக்கிறது.