உஸ்தாத்தின் வீடு

இந்தியத் தரைப்படையில் புதிதாகச் சேரும் இளைஞனைச் சிப்பாயாக ஆக்குவது பயிற்சி மையங்களில் பணிபுரியும் பயிற்றுநர்களின் வேலை. பெரும்பாலும் ஹவில்தார் அல்லது நாயக் பதவியில் இருக்கும் இவர்களைப் பயிற்சிக்கு வந்தவர்கள் ‘உஸ்தாத்’ என்றே அழைக்கிறார்கள். அணிவகுப்பு, உடற்பயிற்சி, துப்பாக்கி கையாளுதல், வரைபடம் படித்தல், களத்தில் மறைந்து நகர்தல் எனக் கற்றுத்தரும் உஸ்தாத்துக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது. பயிற்சி அட்டவணையில் அதன் பெயர் இடம்பெறுவதில்லை. ஆனாலும் அந்த அட்டவணைப்படியே அதன் அன்றாடம் நடக்கிறது.

நீலகிரியில் குன்னூரை ஒட்டியுள்ள வெலிங்டனில் மதராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் இருக்கிறது. 1758-ல் தொடங்கும் வரலாறு கொண்ட இந்தக் காலாட்படைப் பிரிவில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா மாநில இளைஞர்கள் சேர்கிறார்கள். உஸ்தாத்துகளும் பெரும்பாலும் அதே மாநிலங்களைச் சேர்ந்தவர்களே. அதனால் குடும்பக் குடியிருப்புகளில் ஒரே வரிசையில் நான்கைந்து மொழிகள் புழங்குகின்றன. சில மாதங்களில் குழந்தைகள் அவற்றைக் கலந்து பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.

பட்டாலியனில் திறமை காட்டியவர்களே பயிற்றுநர்களாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். அதற்கு முன் அவர்கள் தனிப் பயிற்சிகளில் நல்ல தரம் பெற வேண்டும். ஆயுதப் பயிற்சிக்கு மத்தியப் பிரதேசத்தின் மவ், இளநிலைத் தலைமைப் பயிற்சிக்குப் பெலகாவி, உடற்பயிற்சிக்குப் புனே என்று இவை வெவ்வேறு ஊர்களில் நடக்கின்றன. அந்த வாரங்களில் மனைவியும் பிள்ளைகளும் சொந்த ஊரிலோ பழைய குவார்ட்டர்ஸிலோ தனியாக இருப்பார்கள். பட்டாலியன் எல்லைப் பகுதியில் இருந்தால் குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ள முடியாது. எனவே மையத்துக்கு மாற்றலாகி வருவது, பிரிந்திருந்த குடும்பம் ஒரே கூரையின் கீழ் வாழக் கிடைக்கும் சில ஆண்டுகள். குடும்பத்தோடு தங்கக்கூடிய ‘பீஸ் ஸ்டேஷன்’ பணியிடம் என்றதும் குடும்பங்கள் மகிழ்வதற்குக் காரணம் இதுதான்.

வந்து சேர்ந்த பிறகு நிலைமை வேறாக இருக்கிறது. பயிற்சிக்கு வந்தவர்கள் விழிப்பதற்கு முன்பே உஸ்தாத் அவர்கள் தங்கும் லைனில் இருக்க வேண்டும். விடிகாலை பி.டி., பிறகு டிரில், வகுப்புகள், ஆயுதப் பயிற்சி, மாலையில் விளையாட்டு, இரவு ரோல்கால் என நாள் நீள்கிறது. துப்பாக்கிச் சுடுதளத்துக்குச் செல்லும் நாட்களிலும் இரவுப் பயிற்சி நாட்களிலும் அவர் வீடு திரும்பும் நேரத்தைச் சொல்ல முடியாது. யாருக்காவது காய்ச்சல் என்றாலும், ஊரில் ஒரு மரணம் என்று செய்தி வந்தாலும் முதலில் அழைக்கப்படுபவர் அவரே. தந்தை அதே ஊரில் இருந்தும் பிள்ளைகள் விழித்திருக்கும்போது அவரைப் பார்க்காத நாட்கள் உண்டு.

இந்த வேலைக்குக் குடும்பம் தரும் ஆதரவில் முதலாவது, நேரத்தைக் காப்பது. மலையின் குளிரில் சூரியன் எழும் முன் எழுந்து, சுடுதண்ணீர் வைத்து, சாயாவோ காப்பியோ போட்டுக் கொடுத்து அனுப்புவதில் தொடங்குகிறது மனைவியின் நாள். உஸ்தாத்தின் சீருடையைப் பார்த்தே பயிற்சி பெறுபவர்கள் தங்கள் சீருடையைச் சரிசெய்துகொள்வார்கள். ஆகவே கஞ்சி போட்ட மடிப்பு கலையக் கூடாது, பூட்ஸ் மின்ன வேண்டும், பெல்ட்டின் பித்தளை பளபளக்க வேண்டும். அடுத்தது குரல். மைதானம் முழுவதும் கேட்கும்படி நாள்தோறும் கட்டளையிடுபவருக்குத் தொண்டை கட்டிக்கொள்வது இயல்பு. பனங்கற்கண்டும் மிளகும் சேர்த்த பால், உப்பு கலந்த வெந்நீர் என்று வீட்டு வைத்தியம் தயாராக இருக்கும்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது மனநிலையைக் காப்பது. பயிற்றுநரின் கண்டிப்பு அளவோடு இருக்க வேண்டும். அளவு மீறினால் பயிற்சி பெறுபவருக்கு உடலிலும் மனத்திலும் காயம் ஏற்படும். குறைந்தால் அவர் போர்க்களத்துக்குத் தயாராக மாட்டார். தூக்கமின்றி, வீட்டுக் கவலையோடு மைதானத்துக்குப் போகும் மனிதரிடம் அந்த நிதானத்தை எதிர்பார்க்க முடியாது. பள்ளிக் கட்டணம், ஊரில் உள்ள பெற்றோரின் மருத்துவச் செலவு, குழந்தையின் தேர்வு ஆகிய பாரங்களை மனைவி தானே ஏற்றுக்கொள்ளும்போது, அந்த நிதானத்தின் பலன் முன்பின் தெரியாத பல இளைஞர்களுக்குப் போய்ச் சேர்கிறது. மைதானத்துக் குரலோடு அவர் வீட்டுக்குள் நுழைந்தால், ‘இது பரேடு கிரவுண்டு இல்லைங்க’ என்று சொல்லும் உரிமையும் அவளுக்கே உண்டு. பிள்ளைகளிடம் கட்டளையாகப் பேசாமல் தகப்பனாகப் பேச அவரைப் பழக்குவதும் அவளுடைய பணியாகிவிடுகிறது.

அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒருவருக்கொருவர் துணை. ஒருத்தியை ராணுவ மருத்துவமனையில் பிரசவத்துக்குச் சேர்த்தால் அவளுடைய மூத்த பிள்ளை பக்கத்து வீட்டில் சாப்பிட்டு, அங்கிருந்தே பள்ளிக்குப் போகும். புதிதாக வந்தவளுக்குக் கேன்டீன் நாள் எது, பள்ளியில் யாரைப் பார்க்க வேண்டும் என்பதை எதிர்வீட்டு அக்கா சொல்லித் தருவாள். ஓணத்துக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போக முடியாதவர்கள் சேர்ந்து சமைக்கிறார்கள். மையத்தில் நடக்கும் படாகானா விருந்தில் குடும்பங்களும் கலந்துகொள்கின்றன.

அமைப்பு ரீதியான உதவிகளும் உள்ளன. 1966 முதல் இயங்கும் ராணுவ மகளிர் நலச் சங்கம் கைத்தொழில் பயிற்சி, ஆலோசனை, கைம்பெண்களுக்கான உதவி ஆகியவற்றைச் செய்கிறது. ராணுவ நலக் கல்விச் சங்கம் 1983-ல் தொடங்கப்பட்டு ஆர்மி பப்ளிக் பள்ளிகளை நடத்துகிறது. அடிக்கடி மாற்றலாகும் மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்குக் கேந்திரிய வித்யாலயாக்களில் முன்னுரிமை உண்டு. ஆண்டுக்கு 60 நாள் வருடாந்திர விடுப்பும் 30 நாள் தற்செயல் விடுப்பும் நிரந்தரப் பணியிலுள்ள வீரருக்கு உரியவை. ஆனால் ஓர் அணியின் பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போது பயிற்றுநர் நீண்ட விடுப்பில் போவது கடினம். தங்கையின் திருமணமும் கோவில் கொடையும் பயிற்சி அட்டவணைக்கு ஏற்ப வருவதில்லை. அப்போது குடும்பத்தின் சார்பில் மனைவியும் பிள்ளைகளுமே பயணம் போகிறார்கள்.

மனைவியின் சொந்த வாழ்க்கை இதில் அதிகம் பாதிக்கப்படுகிறது. ஆசிரியை, செவிலியர், கணக்காளர் எனப் படித்தவர்கள்கூட ஒவ்வொரு மாற்றலிலும் வேலையைப் புதிதாகத் தேட வேண்டியிருக்கிறது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் நெருங்கும்போது, பிள்ளைகளோடு ஊரில் தங்குவதா, கணவரோடு போவதா என்ற கேள்வி எழுகிறது. பல குடும்பங்களில் தாத்தாவும் பாட்டியும் பேரப்பிள்ளைகளைத் தங்களிடம் வைத்துக்கொண்டு இந்தச் சிக்கலைத் தீர்க்கிறார்கள். ராணுவத்தில் பெண்களும் இருக்கிறார்கள். சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் 1992 முதல் பெண்களும் அதிகாரிகளாகப் பயிற்சி பெறுகிறார்கள். பெங்களூருவில் ராணுவக் காவல் படையின் முதல் மகளிர் அணி 2021-ல் பயிற்சி முடித்தது. பெண்கள் பயிற்றுநர்களாகும் இடங்களில் வீட்டைத் தாங்கும் பொறுப்பு கணவருக்கு வருகிறது. அவரும் சீருடையில் இருந்தால், இருவருக்கும் ஒரே ஊரில் பணி கிடைப்பதே பெரிய ஆதரவு.

2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேருபவரின் பணிக்காலம் நான்கு ஆண்டுகள். பயிற்சியும் அதற்குள் அடக்கம். முன்பைவிடக் குறைந்த காலத்தில் ஒருவரைத் தயார்செய்ய வேண்டியிருப்பதால் பயிற்றுநரின் நாளில் இளைப்பாற இடம் குறைகிறது. அந்தச் சுமையின் ஒரு பகுதி வீட்டுக்கும் வருகிறது.

பயிற்சியின் முடிவில் நடக்கும் கசம் பரேடில் இளைஞர்கள் நாட்டுக்காகச் சத்தியம் செய்கிறார்கள். மகனைப் பார்க்க வரும் பெற்றோர் உஸ்தாத்தின் கையைப் பிடித்து நன்றி சொல்வார்கள். அந்த நன்றியில் அவர் வீட்டாருக்கும் நியாயமான பங்கு உண்டு. அதைச் சொல்லால் மட்டும் கொடுத்துவிட முடியாது. மாற்றலாகி வந்தவுடன் குவார்ட்டர்ஸ், இரண்டு அணிகளுக்கிடையே உறுதியான விடுப்பு, இரவுப் பணி அட்டவணை முன்கூட்டியே கைக்குக் கிடைப்பது, சிறு குழந்தைகளுக்குக் காப்பகம், மனைவிக்கு ஊர் மாறினாலும் தொடரக்கூடிய வேலை, தயங்காமல் அணுகக்கூடிய மனநல ஆலோசகர் ஆகியவை அந்தக் குடும்பங்களுக்குத் தேவை. இவற்றுக்காகும் செலவையும் பயிற்சிச் செலவின் ஒரு பகுதியாகவே கணக்கிட வேண்டும்.