சந்திரகிரி சொல்லிக் கொடுத்த லிங்க்ட்இன் பாடம்

போன விடுமுறையில் திருப்பதி தரிசனம் முடிந்ததும் பிள்ளைகளைச் சந்திரகிரி கோட்டைக்குக் கூட்டிப் போனேன். ராஜ மகால் வாசலில் பையன் கேட்டான், "அப்பா, மெட்ராஸை இங்கே வச்சா எழுதிக் கொடுத்தாங்க?" ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அதற்கு முன் நடந்த கதைதான் என்னை யோசிக்க வைத்தது.

1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே, துணி வியாபாரத்துக்கு இடம் தேடினார். நேரே ராயரிடம் போய் நிற்கவில்லை. இரண்டு மொழியும் தெரிந்த துபாஷி பேரி திம்மப்பாவைப் பிடித்தார். அந்தக் கடற்கரையை ஆண்ட தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம் பேசினார். நாயக்கருக்கும் ஆசைகள் இருந்தன. தன் சீமை செழிக்க வேண்டும், பாரசீகக் குதிரை வேண்டும், வங்கத்திலிருந்து கிளி கூட வேண்டும்! அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டதால்தான் காரியம் நடந்தது.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2019-ல் நான் வேலை பார்த்த வங்கியில் எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். வளைகுடாவில் வேலை போனால் விசாவும் போகும். பெரியவள் அப்போது பத்தாம் வகுப்பு. லிங்க்ட்இன்னில் எண்ணூறு பேர் இருக்கிறார்களே என்று இருநூறு பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினேன். பதில் வந்தது ஏழு. ஏழும் "பார்க்கலாம்" ரகம்.

வேலை வாங்கித் தந்தவர் அந்த இருநூறில் இல்லை. பல வருடம் முன்பு எல்.சி. ஆவணத்தில் ஒரு தேதி தப்பாகி, பணம் நின்றுபோய்த் தவித்த ஒரு வியாபாரி. ஒரு சாயங்காலம் உட்கார்ந்து அவருக்கு விளக்கிச் சரிசெய்து கொடுத்திருந்தேன். அதற்கப்புறம் பண்டிகை வாழ்த்தோடு சரி. விஷயம் கேள்விப்பட்டு அவராகவே போன் செய்தார். அவருடைய ஆடிட்டர் மூலம் வேலை கிடைத்தது.

மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-லேயே இதை எழுதிவிட்டார். நெருங்கிய நண்பர்களுக்கு நமக்குத் தெரிந்ததே தெரியும். புதுச் செய்தி அரைகுறைப் பழக்கத்தில்தான் வரும்.

இப்போது நான் செய்வது இவ்வளவுதான். வாரம் அரை மணி நேரம். எதுவும் கேட்காமல் இரண்டு பேருக்கு உபயோகமான ஒரு விவரம் அனுப்புவேன். பெரிய பதவிக்காரரை விட, இரண்டு பக்கமும் தெரிந்த 'துபாஷி'களைத் தேடுவேன். வாடிக்கையாளர் விவகாரம் ஒரு வரிகூட வெளியே எழுத மாட்டேன்.

இன்னொன்று, ஒரே ஆளை நம்பி இருப்பதில்லை. 1642-ல் ராயர் இறந்தார். அடுத்து வந்த ஸ்ரீரங்க ராயரிடம் கம்பெனி 1645-ல் புதிதாகச் சாசனம் வாங்க வேண்டியிருந்தது. மேனேஜர் மாறினால் நம் கதையும் அதுதானே?

அந்த வியாபாரிக்கு ஊரிலிருந்து லட்டுப் பிரசாதம் கொண்டு வந்து கொடுத்தேன். காரியம் எதுவும் இல்லை. சும்மாதான்.