218ஆம் பக்கம்

ஜனவரி ஞாயிறு மாலை. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சிக்கு வந்த கூட்டத்தில் பாதி, உணவுக் கடைகளின் முன்னால்தான் நிற்கிறது. பிளாஸ்டிக் மேசைமேல் முறம் அகலத்துக்கு ஒரு டெல்லி அப்பளம். ஆளுக்கொரு பக்கமாக உடைத்துத் தின்கிறார்கள் அப்பாவும் மகளும். பெண்ணுக்குப் பதினாலு பதினைந்து வயதிருக்கும். விரலெல்லாம் மிளகாய்ப்பொடி, அதனால் மடக்கிய விரலின் முட்டியால் கிண்டிலில் பக்கம் திருப்புகிறாள்.

"இங்க பத்து சதவீதம் கழிவு குடுக்கறாங்க. பேப்பர்லயே வாங்கிக்கோயேன்."

"இதுல அதைவிடக் கம்மிப்பா."

"பேலன்ஸ் எவ்வளவு இருக்கு?"

"நூத்திப்பத்து."

"முந்நூறு போட்டேனேம்மா, ஒண்ணாம் தேதி?"

அவள் பதில் சொல்லாமல் அப்பளம் கடிக்கிறாள்.

ஏற்பாடு என்னவென்று பேச்சிலிருந்தே விளங்கிவிட்டது. கணக்கு அப்பாவுடையது. மாதம் முந்நூறு ரூபாய் போடுவார். கிண்டிலில் கடையைப் பூட்டி வைத்திருக்கிறார். அவர் பாஸ்வேர்டு போட்டால்தான் திறக்கும். இரவல் நாவலைக் கணக்கு நோட்டுக்குள் வைத்துப் படித்த தலைமுறை ஆள்தான் அவரும். அன்று வீட்டுப் பெரியவர்கள் கையிலிருந்த ஒரே தடுப்பு, பத்து மணிக்கு விளக்கை அணைப்பது.

"போன வாரம் வாங்கினியே, அது பிடிக்கலைன்னா ஏழு நாளுக்குள்ள ரிட்டர்ன் பண்ணிடலாம். காசு திரும்பி வந்துடும்."

"படிச்சுட்டுத் திருப்பிக் குடுக்கறது தப்புப்பா. எழுதினவங்க பாவம்."

மகளிடமிருந்து நீதிபோதனையா! மனிதர் அப்பளத்தையே பார்க்கிறார்.

திருப்பிக் கொடுத்த மின்னூல் கருவியிலிருந்து தானாகக் காணாமல் போகும். யாரும் திருப்பாமலேயே போனதும் உண்டு. 2009 ஜூலையில், விற்றவருக்கு உரிமை இல்லை என்று சொல்லி, ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' இரண்டையும் வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்து அமேசான் அழித்தது. காசைத் திருப்பித் தந்துவிட்டது என்பது வேறு விஷயம். எட்ட இருந்தே ஆளைக் கண்காணிக்கும் அரசைப் பற்றிய நாவல்தானா அதற்கு அகப்பட வேண்டும்? அதைப் பார்க்க, இந்த அப்பா வெறும் அப்பாவி.

கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு கிண்டிலை வாங்குகிறார். எழுத்துக்கு எழுத்து கொஞ்சம் யோசித்துத்தான் ஏற்கிறது அந்தத் திரை. மகள் வெகு மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பக்கத்து மேசையிலிருந்த எனக்கே முதல் மூன்று எழுத்து தெரிந்துவிட்டது. அவளுக்கா தெரியாது?

"அப்பா, ஒண்ணு கேக்கட்டா? என் புத்தகத்தை நீங்க படிக்கிறீங்களா?"

"சும்மா... என்ன வாங்கியிருக்கேன்னு பார்த்தேன்."

"நேத்து திறந்தேன். அப்பா போன்ல 218ஆம் பக்கம் வரைக்கும் போயிருக்கு, அங்க போகணுமான்னு கேக்குது. ராத்திரி ஒண்ணேகாலுக்குன்னு டைமும் போட்டிருக்கு. நான் எண்பதுலதான் இருக்கேன்."

ஒரே கணக்கில் இரண்டு கருவி இருந்தால், இதில் விட்ட இடம் அதற்குப் போய்ச் சேரும். வேவு பார்க்கப் போனவருக்கு இது தெரிந்திருக்கவில்லை.

"அட்டையில ஒரு பொண்ணும் பையனும் நின்னாங்களா, கொஞ்சம் பயந்துட்டேன். ஒரு அத்தியாயம் மட்டும் பார்ப்போம்னு..."

"ஒண்ணேகால் மணிக்கா?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அந்த அண்ணன்காரன் இருக்கானே..."

"ஐயோ, சொல்லாதீங்க! ஒரு வார்த்தை சொல்லக் கூடாது!"

இரண்டாம் பாகம் 199 ரூபாயாம். படிக்கப்போவது இரண்டு பேர், அதனால் அது தன் முந்நூறில் சேராது என்கிறாள் அவள். பாதிப் பாதி என்கிறார் அவர். முதலில் படிப்பது யார் என்ற கேள்வி அதற்குள் முளைத்துவிட்டது. கை கழுவும் குழாயடியில் வரிசை நீளம். அங்கேயும் பேரம் படியவில்லை.