புரிஞ்சுதா?

மார்சிலிங்கில் நான் வாடகைக்கு இருந்த அறையின் சன்னலைத் திறந்தால் ஜொகூர் பாரு தெரியும். இரவில் விளக்குகள், மழை நாளில் வெறும் சாம்பல் நிறம். அந்த விளக்குகளுக்குப் பின்னால் எங்கேயோ என் மனைவி இருந்தாள். நடுவில் 1 கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள கடற்பாலம், அவ்வளவுதான்.

2020 மார்ச் 17ஆம் தேதி, மறுநாள் எல்லை மூடப்போகிறது என்றதும் மூன்று சட்டை, ஒரு போர்வையுடன் மோட்டார் சைக்கிளில் இந்தப் பக்கம் வந்துவிட்டேன். இரண்டு வாரம் என்றுதான் அப்போது சொன்னார்கள்.

அதற்கு முன் ஆறு வருடம் தினமும் போய் வந்தவன். விடிகாலை நாலரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு ஒன்பது. நானும் அவளும் அதிகம் பேசிக்கொண்டதாக நினைவில்லை. தேவைப்படவும் இல்லை. கோப்பி கிளாஸை அவள் மேசையில் வைக்கும் சத்தத்திலேயே அன்றைய நிலவரம் தெரிந்துவிடும். அந்தச் சத்தம் போனில் வராது என்பது எனக்கு உறைக்கவே சில மாதம் ஆனது. “சாப்டீங்களா?” “ஆச்சு. நீ?” “ஆச்சு.” பிறகு இரண்டு பேரும் மூச்சு விட்டுக்கொண்டிருப்போம்.

ஆகஸ்டில் ஒரு வழி திறந்தார்கள். போய் வரலாம், ஆனால் அங்கேயும் தனிமைப்படுத்தல், இங்கேயும் தனிமைப்படுத்தல். அத்தனை நாள் விடுப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

நான் ஒரு இரும்புப் பட்டறையில் சூப்பர்வைசர். காலையில் டூல்பாக்ஸ் மீட்டிங்: இன்று என்ன வேலை, எதில் ஆபத்து என்று பத்து நிமிடம் சொல்ல வேண்டும். கடைசியில் “புரிஞ்சுதா?” என்பேன். முகக்கவசத்துக்குள்ளிருந்து “புரிஞ்சுதுண்ணே” என்று பத்துப் பேரும் ஒரே குரலில் சொல்வார்கள். அந்த வருடக் கடைசியில் ஒருநாள், புதுக்கோட்டைப் பையன் ஒருவன் வெட்டுகிற டிஸ்க்கை மாட்டிக்கொண்டு தேய்த்திருக்கிறான். டிஸ்க் உடைந்து தெறித்தது. மெஷின் மூடி தடுத்ததால் அவன் கண் தப்பியது. காலையில்தான் அதைச் சொல்லியிருந்தேன். “புரிஞ்சுதுன்னியேடா?” என்றால், “நீங்க கேட்டீங்க, இல்லைன்னு எப்டிண்ணே சொல்றது?” என்கிறான். கோபம் வந்தது. ஆனால் அவன் சொன்னதில் தப்பே இல்லை. அண்ணன் கேட்டால் ஆமாம் என்பதுதானே ஊர் மரியாதை.

பாதுகாப்பு அதிகாரி, ஒரு மலாய்க்காரர், ஒன்று சொல்லித் தந்தார். புரிந்ததா என்று கேட்காதே, நான் சொன்னதை நீ சொல் என்று கேள். மறுநாளிலிருந்து அப்படியே செய்தேன். முதல் வாரம் சிரிப்பும் கூச்சமுமாக இருந்தது. பத்துப் பேரில் நாலு பேர் வேறெதையோ சொன்னார்கள்.

அதே மாதம்தான் மைத்துனி போன் செய்தாள். “அக்காவுக்கு வேலை போயிருச்சே, எப்படிச் சமாளிக்கிறீங்க?” என் மனைவி வேலை பார்த்த பாலர் பள்ளியை மூடி மூன்று வாரம் ஆகியிருந்தது.

அன்றிரவு கத்தினேன். “ஏன் சொல்லல?”

“சொன்னேன்.”

“எப்ப?”

“‘இனிமே காலையில எந்திரிக்க வேணாம் போல’ன்னேன். நீங்க ‘நல்லதா போச்சு, தூங்கு’ன்னீங்க.”

சொல்லியிருக்கிறாள். எனக்கு ஞாபகமும் வந்துவிட்டது. வேலை குரூப்புக்கு வாட்ஸ்அப்பில் ஏதோ தட்டிக்கொண்டே பதில் சொல்லியிருந்தேன். அவளுடைய புதுக்கோட்டைப் பையன் நான்தான்.

மறுநாளிலிருந்து பட்டறை வித்தையை வீட்டில் இறக்கினேன். “அப்போ நீ சொல்றது என்னன்னா...” என்று அவள் சொன்னதையே திருப்பிச் சொன்னேன். இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள், “என்ன, மீட்டிங்கா நடத்துறீங்க? எனக்குத் தெரிஞ்சத எதுக்கு எனக்கே சொல்றீங்க? அடுத்து என்னாச்சுன்னு கேளுங்க லா” என்றாள்.

கேட்டேன். பள்ளியின் கடைசி நாளில் குட்டி நாற்காலிகளைத் துடைத்து அடுக்கியதை முக்கால் மணி நேரம் சொன்னாள். சன்னல் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இடையில் ஒரு அறிவுரை நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

2022 ஏப்ரல் 1ஆம் தேதி தடுப்பூசி போட்டவர்களுக்கு எல்லை திறந்தது. வேலை முடிந்து வண்டியை எடுத்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் நேரில் பேச இருவருக்குமே கூச்சம். கோப்பி கிளாஸை மேசையில் வைத்தாள். அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று பழைய மாதிரி எடைபோட்டுப் பார்த்தேன், பிடிபடவில்லை.

“இன்னிக்கு என்னாச்சு?” என்றேன்.

“எங்கேருந்து ஆரம்பிக்கட்டும்?” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.